ஒட்டுத்தாள்

தீக்காப்பீட்டு நிறுவனம் வரைந்த வரைபடம் இது.
ஐம்பது அடியை ஓர் அங்குலத்தில் மடக்கி
ஒஹாயோ ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றைச்
சுவர் சுவராக அளந்திருக்கிறார்கள்.
செங்கல் என்றால் இளஞ்சிவப்பு.
கருங்கல் நீலம். தகரம் சாம்பல்.
மரவீடு மஞ்சள்.
எரியக் காத்திருப்பதற்கு
என்னவொரு மங்கல நிறம்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள்.
இவர்களுக்கோ எரியாத வீட்டில்தான் லாபம்.
அதனால் எதையும் விட்டுவைக்கவில்லை.
சன்னல் எத்தனை, கூரை ஓடா பலகையா,
ரொட்டிக்கடை அடுப்பு எந்த மூலையில்,
மாவு ஆலைக்கு இரவுக் காவலாளி உண்டா.
உண்டு.
மணிக்கொரு முறை சுற்றி வருவான்.
பெயர் இல்லை.

புதிதாக அச்சடிக்கச் செலவு அதிகம்.
ஊர் மாறும்போதெல்லாம்
ஒரு பை நிறையத் துண்டுத்தாளும் பசை டப்பாவுமாய்
ரயிலேறி வந்திருக்கிறான் ஆர்லன் ஃபிட்ச்.
பின்னட்டையில் அவன் கையெழுத்து இருக்கிறது:
1911, 1919, 1926,
ஓரிடத்தில் மட்டும் ‘மழை’ என்று ஒரு சொல்.
இடித்த கொட்டகையின்மேல் வங்கியை ஒட்டுவான்.
வங்கி திவாலானால் அதன்மேல் செருப்புக்கடை.
பூசி மெழுகுவதைச்
சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவன்.
அவனுக்குப் பின் வந்தவர்களும் ஒட்டினார்கள்.
நாற்பதாம் பக்கம் இப்போது
நனைந்த கம்பளிபோல் கனக்கிறது.

வியாழக்கிழமை
மண் பரிசோதிக்கிற பெண் வந்தாள், ரோவெனா டில்லார்ட்.
பூட்ஸில் களிமண், பேச்சில் அவசரம்.
பள்ளி விளையாட்டுத் திடலில் புல் முளைக்கவில்லையாம்,
மூன்று முறை விதைத்தும்.
பழைய பெட்ரோல் தொட்டி புதைந்து கிடக்கும்,
அந்தக் காலத்தில் யார் தோண்டி எடுத்தார்கள்,
உங்கள் படத்தில் இருக்கும் என்றாள்.

இருந்தது.
பக்கத்தின் அடியில் மெல்லிய விளக்குத் தகட்டைச் செருகினேன்.
மேலே 1957இன் ஒட்டு, நெடுஞ்சாலை,
உள்ளங்கை அகலத்துக்கு வெறும் வெள்ளை.
எரிய ஏதுமில்லாத இடத்துக்கு
அவர்கள் நிறம் வாங்குவதில்லை.
சாலை தின்று போட்ட மிச்சம்தான் பள்ளித் திடல்.
அதன் கீழே, 1938இல், ஒரு சிறு வட்டம்:
பெட்ரோல், ஐந்நூறு காலன்.
கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டாள்.
வந்த வேலை முடிந்தது.

பையை மாட்டியவள் குனிந்து,
‘இதென்ன, இன்னும் கீழே?’

மஞ்சள்.
தேநீர்க் கறைபோல் வெளிறிய மஞ்சள்.
எண்ணினோம், பதினொரு வீடுகள்.
சில வீடுகளில் முன்கூடம்கூட விட்டுப்போகாமல் வரைந்திருந்தது.
தெருவின் விளிம்பில் சாய்வெழுத்தில்
‘கறுப்பர் குடியிருப்பு.’
அவ்வளவுதான்.

யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.
படம் அதைச் சொல்லாது என்றேன்.
எவ்வளவு நேரத்தில் எரிவார்கள் என்பதைத்தான் சொல்லும்.

சொன்ன பிறகு
சும்மா இருக்க முடியாமல் அளவுகோலை எடுத்தேன்.
இளஞ்சிவப்பு வீடுகளின் வாசலிலிருந்து
தீயணைப்புக் குழாய் நூற்று நாற்பது அடி.
மஞ்சள் வீடுகளிலிருந்து அளக்கக்
குழாயே அந்தப் பக்கத்தில் இல்லை.
அடுத்த பக்கம் புரட்டினேன். அதிலும் இல்லை.
அதற்கடுத்ததில், தானியக் கிடங்கின் பின்னால்,
ஒரு கறுப்புப் புள்ளி.
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
முகப்பில் பொடி எழுத்தில் ஊரின் விவரம்:
மக்கள்தொகை இவ்வளவு, காற்று மேற்கிலிருந்து,
தீயணைப்பு வண்டி ஒன்று, குதிரைகள் இரண்டு,
நீர்க்குழாயின் நீளம் அறுநூறு அடி.

ரோவெனா என் கையிலிருந்து அளவுகோலை வாங்கித்
தானும் ஒருமுறை அளந்தாள்.
தொட்டிக்கு ஆழம் பார்ப்பவளின் கை,
நடுங்கவில்லை.
எண்ணும் மாறவில்லை.

அவள் போனதும் விளக்கை அணைத்தேன்.
நெடுஞ்சாலை மறுபடி வெள்ளையானது.
அதன் ஒரு மூலை லேசாகப் பிரிந்திருந்தது.
பிரிந்ததை ஒட்டிவைக்கத்தான் எனக்குச் சம்பளம்.
பசை கரைத்து வைத்திருக்கிறேன்,
திங்கள்கிழமையிலிருந்து.
மேலே ஆடை படர்ந்துவிட்டது.